கோபம் வராதவளின் பிரஷர்

அந்த வீட்டில் பிரஷர் என்றால் அது வீட்டுக்காரருடைய பிரஷர்தான். வேறு யாருக்கும் அது இருக்க அனுமதி கிடையாது.

காலையில் பல் தேய்த்த கையோடு அவர் வந்து சாப்பாட்டு மேஜை முன்னால் உட்காருவார். இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு கையை நீட்டுவார். நீட்டினால் போதும், டிவி அணைந்துவிட வேண்டும். மிக்ஸி நின்றுவிட வேண்டும். மகன் போனில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட வேண்டும். மருமகள் நாற்காலியை இழுக்கக் கூடாது. பிரஷர் பார்க்கும்போது பேசக் கூடாது என்று எப்போதோ ஒரு டாக்டர் சொன்னார். பேசக் கூடாது என்று சொன்னது அவரை. அவர் அதை வீட்டில் மற்ற எல்லோருக்கும் சட்டமாக்கிவிட்டார்.

சட்டத்தை நடத்திக் கொடுக்கிறவள் அவர் மனைவி. அவர்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரில், பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் அவளை மடிப்பக்கா என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வீட்டில் 'ஏய்', 'இந்தா' என்பதைத் தவிர அவளுக்கு வேறு பெயர் வழங்கவில்லை.

மடிப்பக்கா பட்டையை அவர் கையில் சுற்றுவாள், பொத்தானை அழுத்துவாள், மெஷின் முக்கி முனகி முடித்ததும் எண்ணைப் படித்துச் சொல்வாள். எண் குறைவாக இருந்தால் பெருமை அவருக்கு. கூடுதலாக இருந்தால் விசாரணை. "நேத்து கதவ டமார்னு சாத்தினியே, அதான்" என்பார். அவருடைய கணக்குப்படி பிரஷர் கோபத்தால் வருவது, கோபம் அடுத்தவர்களால் வருவது, ஆகவே அவர் பிரஷருக்கு ஊரே பொறுப்பு. பஸ் ஓட்டிய காலத்தில் சாலையில் போனவர்களெல்லாம் பொறுப்பாக இருந்தார்கள். ஓய்வு பெற்றபின் அந்தப் பொறுப்பு வீட்டோடு வந்து சேர்ந்தது. அவருக்குக் கோபம் எப்போதும் மூக்கின்மேல்.

மடிப்பக்காவோ வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். "எங்க அம்மாவுக்குக் கோபமே வராது" என்று மகன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். கதவு கிறீச்சிடாது, குழாய் ஒழுகாது என்று வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல. "அத்தை மாதிரி பொறுமைசாலிய நான் பாத்ததே இல்ல" என்பாள் மருமகள். புகழ்ந்து புகழ்ந்தே அவள் வாயைக் கட்டிப்போட்டார்கள். புகழ்ச்சியைக் காப்பாற்றுவது லேசான வேலையா என்ன?

ஒருநாள் மருமகள் விளையாட்டாக, "அத்தை, உங்களுக்கும் ஒரு தடவ கட்டிப் பாப்பமா?" என்றாள். வீட்டுக்காரர் விடவில்லை. "அவளுக்கு எதுக்கு? கோபமே வராதவளுக்கு ஏது பிரஷர்? பேட்டரிதான் தண்டம்." எல்லோரும் சிரித்தார்கள். மடிப்பக்காவும் சிரித்தாள். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு அன்றைக்கு வரவில்லை.

அதற்கும் சில வருஷம் முன்னால் ஒன்று நடந்திருந்தது. சலவைக் கூடத்தில் தள்ளுவண்டி இடித்து அவள் விரல் கிழிந்துபோய், தையல் போட மகன் அழைத்துப் போனான். தையலுக்கு முன்னால் நர்ஸ் அவள் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். நர்ஸின் முகம் மாறியது. மறுபடியும் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி வெகுநேரம் பேசினார். அந்த ஊர் மொழி மடிப்பக்காவுக்கு அரைகுறை. ஈரம், சூடு, சீக்கிரம், நாளைக்கு வா என்கிற அளவுக்குத்தான். நர்ஸ் பேச்சின் நடுவே ஒருமுறை தன் தலையைத் தொட்டுக் காட்டினார். ஒருமுறை இவள் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"என்னடா சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க."

அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றுவதை வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. விரல் ஆறியது. பேச்சும் மறந்துபோனது.

படுக்கை விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. மடிப்பக்காவுக்கு ஜோடி, இவள் வயதே உள்ள ஒரு நெட்டையான பெண். அவள் வேறு நாட்டுக்காரி, வேறு மொழி. அவள் பெயர் இவள் வாயில் நுழையவில்லை, இவள் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. இவள் அவளை 'நெட்டை' என்றாள், அவள் இவளை 'அக்கா' என்று கற்றுக்கொண்டாள். இருவரும் சேர்ந்து இத்தனை வருஷத்தில் பேசிய வார்த்தைகளை ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிவிடலாம். ஆனால் கைகள் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தன. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து ஓர் உதறு. பாதியாக மடித்து மறுபடி ஓர் உதறு. பிறகு எதிரெதிரே நடந்து வந்து, நெட்டை தன் மூலைகளை இவள் கையில் கொடுப்பாள், கீழே தொங்கும் மடிப்பைக் குனிந்து பிடித்துக்கொண்டு பின்னால் போவாள், மறுபடி வருவாள். கடைசி மடிப்பை மேஜைமேல் வைத்து மடிப்பக்கா தனியாகப் போடுவாள். கத்தி வைத்து வெட்டியதுபோல ஓரம் நிற்கும்.

இந்த வருஷம் மூலை நழுவ ஆரம்பித்தது. எப்போதும் இடது கையில்தான். நெட்டை நடந்து வரும்போது தானும் நடக்க வேண்டும் என்பது மறந்து சில சமயம் அப்படியே நின்றாள். விரிப்பு கையில் இருக்கும், அடுத்து என்ன என்பது மட்டும் இருக்காது. நெட்டை சிரித்துக்கொண்டே 'வா' என்று தலையாட்டுவாள். இவள் போவாள். வீட்டிலும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்குப் பற்றவைத்தோம் என்று நிற்பது நடந்தது. யாரும் கவனிக்கவில்லை. எப்போதும் பேசாமல் நிற்கிறவள் இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஒருநாள் மதியம் சூப்பர்வைசர் ஓர் அடுக்கு விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் கோணல்மாணலான மடிப்பு. அதை அப்படியே நெட்டையின் காலடியில் போட்டார். உனக்குக் கண் எங்கே இருக்கிறது, இந்த வயதில் உனக்கெல்லாம் எதற்கு வேலை என்று, கேட்டுக் கேட்டு மடிப்பக்காவுக்கும் மனப்பாடமான வசவை ஆரம்பித்தார். நெட்டை தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள்.

மடிப்பக்கா குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கடைசி மடிப்புதான் கோணல். கடைசி மடிப்பு தன்னுடையது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை மாதமாக நெட்டை இவள் போட்ட கோணல்களையெல்லாம் பிரித்து, மறுபடி மடித்து, சத்தமில்லாமல் அடுக்கில் வைத்திருக்கிறாள். இன்றைக்கு அவள் கண்ணுக்குத் தப்பியவைதான் தரையில் கிடந்தன.

"நிறுத்துய்யா" என்றாள் மடிப்பக்கா.

தமிழில்தான் சொன்னாள். சொன்ன சத்தத்தில் உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"கால்ல போடற? மனுஷங்க முகத்த வெச்சுப் படுக்கற துணி அது. நான் மடிச்சது. என்னக் கேளு. அவகிட்ட என்ன பேச்சு? இந்த வயசுல என்ன வேலையா? ஒன்னையும் சேத்து இந்த ரூம்ல உள்ள அத்தன பேருக்கும் வயசாகுது, தெரிஞ்சுக்க."

ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை சூப்பர்வைசருக்கு, ஆனால் இரண்டடி பின்னால் போனார். மடிப்பக்கா தரையில் கிடந்ததையெல்லாம் வாரி அவர் கைகளிலேயே திணித்தாள். அதோடு விடாமல் நெட்டை பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?" நெட்டைக்கும் புரியவில்லை. அவள் அழுதாள்.

மடிப்பக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பயமாக இருந்தது. அதைவிட வெட்கக்கேடு, சுகமாகவும் இருந்தது. அந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை வீட்டில். கை நீண்டது. டிவி அணைந்தது. அவள் பட்டையைச் சுற்றினாள்.

"எத்தன தடவ சொல்றது, இவ்வளவு இறுக்கமா சுத்தாதன்னு? மண்டைல ஏதாவது இருக்கா ஒனக்கு?"

தினம் கேட்கிற பாட்டுதான். தினம் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டதுதான். அன்றைக்கு அவள் கை தானாகப் பட்டையை உருவியது. "இறுக்குதுன்னா நீங்களே கட்டிக்கங்க" என்று அவள் வீசியதில் அது அவருடைய டீக்குள் போய் விழுந்தது.

 மெஷின் 'E' என்று பிழை காட்டிக்கொண்டு கிடந்தது.

அதன்பிறகு பக்கத்து அறையில் மாநாடு நடந்தது. மெதுவாகப் பேசுவதாக அவர்களுக்கு நினைப்பு.

"அம்மா இப்படி இருந்ததே இல்ல. வேலைக்குப் போனது போதும், நிறுத்திடலாம்" என்றான் மகன்.

"எனக்கு இப்ப பாத்தா எரநூறு காட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

"மாமாவுக்குத் தூக்கத்துக்குன்னு ஒண்ணு குடுத்தாங்களே, அது மாதிரி அத்தைக்கும் டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிடலாம். சாப்பிட்டா அமைதியாயிடுவாங்க. பழையபடி ஆயிடுவாங்க."

மடிப்பக்கா மேஜையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நாற்பது வருஷம் கத்தியவருக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள், வீட்டையே ஊமையாக்கினார்கள். ஒரே ஒரு நாள் ஒரு பட்டையை வீசியவளுக்குத் தூக்க மாத்திரை. அவள் துணியைப் பிழிந்த பிழியலில் விரல் கணு வெளுத்தது.

டாக்டரின் காத்திருப்பு அறையில் நாலா திசைக்காரர்களும் இருந்தார்கள். தலையில் துணி கட்டிய கிழவர், மணிமாலையை உருட்டும் அம்மாள், ஊன்றுகோலை மடியில் படுக்க வைத்திருந்த இன்னொருவர். ஒவ்வொரு வயதானவருக்கும் பக்கத்தில் மகனோ மகளோ மருமகளோ கையில் போனோடு ஒருவர். அந்த இளையவர்தான் அந்த முதியவருக்கு வாய். உள்ளே கூப்பிட்டால் வாய்தான் முதலில் எழுந்தது. எத்தனை நிறம், எத்தனை மொழி, ஆனால் எல்லாக் கிழங்களின் முகத்திலும் ஒரே களை. தங்கள் வியாதியைப் பற்றி வேறு யாரோ பேசப் போகிறார்கள் என்கிற களை. 

டாக்டர் குட்டை முடி வைத்த பெண். கேள்வி கேட்கும்போது மடிப்பக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் மட்டும் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. தூக்கம்? நன்றாகத் தூங்குவார்கள் என்றான் மகன். விடியும்வரை புரளுகிறவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மறதி? வயதுக்கு உள்ளதுதான். கை கால்? ஒன்றுமில்லை. கோபம்தான் பிரச்சினை, டாக்டர், அதற்கு ஏதாவது கொடுங்கள்.

டாக்டர் எழுந்து வந்து அவள் கையில் பட்டையைச் சுற்றினார். இத்தனை வருஷம் அடுத்தவருக்குக் கட்டிவிட்டவளுக்கு அது எப்படி இறுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. காற்று இறங்கியது. டாக்டரின் முகம் மாறியது. மறுபடி கட்டினார். பிறகு அடுத்த கையில் கட்டினார்.

அந்த முகத்தை மடிப்பக்கா முன்பே பார்த்திருந்தாள், தையல் போட்ட நர்ஸிடம்.

டாக்டர் மகனை வெளியே உட்காரச் சொன்னார். "நான் இல்லன்னா அம்மாவுக்கு ஒண்ணும் புரியாது" என்று அவன் அந்த மொழியில் சொன்னது அவளுக்குப் புரிந்தது. டாக்டர் கதவைக் காட்டினார். அவன் போனான். டாக்டர் மேஜைமேல் இருந்த போனில் எண்ணை அழுத்தினார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"வணக்கம்மா. நான் மொழிபெயர்க்கறவங்க. டாக்டர் சொல்றத ஒண்ணு விடாம உங்ககிட்ட சொல்லுவேன். நீங்க சொல்றத ஒண்ணு விடாம அவங்ககிட்ட சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

மடிப்பக்கா போனையே பார்த்தாள். "திட்டினா?"

"திட்டினாலும் அப்படியேதாம்மா."

அவள் திட்டவில்லை. சொன்னாள். நழுவுகிற மூலையைச் சொன்னாள், அடுப்பு முன்னால் நிற்பதைச் சொன்னாள், இரவு முழுக்கக் கண் விழித்துக் கிடப்பதைச் சொன்னாள், நெட்டை தனக்காக வாங்கிக்கட்டிக்கொண்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியம், இவ்வளவு இருந்ததா என்று. போன் பெண் ஒவ்வொன்றையும் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தாள்.

"உங்களுக்கு பிரஷர் ரொம்ப அதிகமா இருக்குன்னு சொல்றாங்கம்மா. நேத்து இன்னைக்கு வந்ததா இருக்காது, பல வருஷமா இருந்திருக்கும்னு நினைக்கறாங்க. இதுக்கு முன்னாடி யாரும் உங்ககிட்ட சொல்லலையான்னு கேக்கறாங்க."

தன் தலையைத் தொட்டுக் காட்டிய அந்த நர்ஸின் கை அவள் கண்முன் வந்தது.

"சொல்லியிருக்காங்க போல" என்றாள். "எனக்கு வந்து சேரல."

அன்றைக்கே மாத்திரை தொடங்கியது. ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரையும் எல்லையில் நின்றது. தலையைப் படம் எடுத்தார்கள். முடிவு சொல்ல டாக்டர் கூப்பிட்டபோது மகன் தானாகவே வெளியே உட்கார்ந்துகொண்டான். மறுபடி அதே போன், நல்லவேளையாக அதே குரல்.

திரையில் அவள் மூளை சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் அங்கங்கே வெள்ளைத் தெறிப்பு.

"ஒவ்வொண்ணும் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைச்ச இடமாம். அடைச்சப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதாம்."

"வலிக்கலையே."

"வலிக்காதாம். போனது திரும்பி வராதாம்மா. ஆனா மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம்கறாங்க. மாத்திரைய ஒரு நாளும் விடக் கூடாது, உப்பைக் குறைக்கணும், நடக்கணும். வேற வேற ஊர்லேந்து வந்து இங்க வயசானவங்க நிறைய பேருக்கு இது இப்படி லேட்டாத்தான் தெரிய வருதுன்னு வருத்தப்படறாங்க."

"வருத்தத்த வெச்சு நான் என்ன பண்றது?" என்றாள் மடிப்பக்கா. போன் அதையும் அப்படியே சொன்னது. டாக்டர் தலையாட்டினார்.

"வேலைக்குப் போலாமா?"

"கண்டிப்பா போங்கன்னு சொல்றாங்க. கையும் தலையும் ஓடட்டுமாம்."

"எனக்குக் கோபமே வராது. எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எப்படி எனக்கு பிரஷர்?"

"கோபம் வந்தா அந்த நேரத்துக்கு ஏறி எறங்குமாம். இது அது இல்லையாம். சாதுவா இருக்கறவங்களுக்கும் இது நல்லா வருமாம்."

மடிப்பக்கா அந்த வெள்ளைத் தெறிப்புகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இப்ப வருதே ஒரு கோபம். அது நோயா, நானா?"

போன் பெண் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் அதை அந்தப் பக்கம் கொடுத்தாள். டாக்டரும் யோசித்துத்தான் பேசினார்.

"தெரியலைங்கறாங்கம்மா. மூளையில அடக்கி வைக்கற எடம்னு ஒண்ணு இருக்காம். அங்கயும் கொஞ்சம் பட்டிருக்காம். அதனால அடக்க முடியாம வெளிய வரலாமாம். ஆனா அடக்கி வெச்சது என்னன்னு படத்துல தெரியாதாம். அது உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க."

வீட்டில் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. மகன் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னான். "அம்மாவுக்கு மூளைல கொஞ்சம் பாதிப்பு. அதான் கோபம் வருது. அவங்க என்ன சொன்னாலும் மனசுல வெச்சுக்காதீங்க. பேசறது அம்மா இல்ல, நோய்."

அன்றிலிருந்து அவளுக்குப் புதுச் சிறை. "அவர் தட்ட அவரே கழுவட்டும்" என்றால், "சரிம்மா, சரிம்மா" என்று மகன் சிரித்து அவனே கழுவினான். "ராத்திரி டிவி சத்தத்துல எனக்குத் தூக்கமே போச்சு" என்றால் மருமகள் அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டி "பாவம்" என்றாள். வீட்டுக்காரர்கூட எரிந்து விழுவதை நிறுத்திவிட்டு, "அவள ஒண்ணும் சொல்லாதீங்கப்பா, ஏறிடும்" என்று ஊருக்கு உபதேசம் செய்தார். கோபப்படாதவரைக்கும் அவள் பேச்சை யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அவள் பேசவில்லை. இப்போது பேசுகிறாள், கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் அது நோய். இந்தக் கொடுமைக்கு எந்தப் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும்?

சலவைக் கூடத்தில் மட்டும் ஒரு காரியம் சரியாக நடந்தது. மடிப்பக்கா நெட்டையிடம் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள், கோணலாக ஒரு விரிப்பை மடித்துக் காட்டினாள், பிறகு நெட்டையின் கண்ணைப் பொத்தித் திறந்தாள். மறைக்காதே, காட்டு. நெட்டைக்குப் புரிந்தது. அன்றைக்கே ஒரு கோணலை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள். சுருக்கென்றுதான் இருந்தது. மடிப்பக்கா அதைப் பிரித்து, மெதுவாக, ஓரத்தைக் கட்டை விரலால் நீவி மறுபடி மடித்தாள். இரண்டாம் தடவை நேராக வந்தது.

மறுநாள் காலை வீட்டுக்காரர் மேஜைக்கு வந்தார். சட்டை சுருண்டது. கை நீண்டது. டிவி அணைந்தது, மிக்ஸி நின்றது, மகன் போனை வைத்தான்.

மடிப்பக்கா மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். பட்டையைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டாள்.

"ஏய், எனக்கு இன்னும்..."

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "பிரஷர் பாக்கறப்ப பேசக் கூடாது."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. சட்டம் அவர் போட்டதுதான், என்ன செய்வார்? மருமகள் இழுக்கப்போன நாற்காலியை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டாள். மெஷின் முக்கியது, முனகியது. இத்தனை வருஷத்தில் அந்த வீடு அவளுக்காக வாயை மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை. எண் வந்தது. டாக்டரிடம் பார்த்ததைவிடக் குறைவு, இன்னும் இறங்க வேண்டியது இருக்கிறது. அவள் பட்டையைப் பிரித்து மடித்து வைத்தாள். நேரான மடிப்பு.

மருமகள் அவசரமாக ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். ஆவி பறந்தது.

"இப்ப நான் பேசறேன். யாரும் எந்திரிக்காதீங்க" என்றாள் மடிப்பக்கா. மகனைப் பார்த்தாள். "அன்னைக்கு எனக்கு விரல்ல தையல் போட்டப்ப, அந்த நர்ஸ் உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

"எந்த நர்ஸும்மா?"

"தலையத் தொட்டுக் காட்டினாங்களே."

அவனுக்கு நினைவிருந்தது. முகத்திலேயே தெரிந்தது. "டென்ஷனாகாதம்மா. உனக்கு ஏறிடும்."

"அது அன்னைக்கே ஏறியாச்சு. சொல்லு."

"விடு" என்றார் வீட்டுக்காரர். "அவன் என்ன வேணும்னா பண்ணினான்?"

"நீங்க பேசாதீங்க. உங்களுக்கு இன்னும் பாக்கல."

மகன் மேஜை விளிம்பைச் சுரண்டினான். "அப்பாவுக்கே அப்பதான் பிரஷர்னு ஆரம்பிச்சிருந்துச்சு. வீட்டுல ரெண்டு பேருன்னா எப்படிப் பாக்கறதுன்னு... நீ நல்லாத்தாம்மா இருந்த. உனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"காரணம் கேக்கல. நர்ஸ் சொன்னதக் கேட்டேன். ஒண்ணு விடாம சொல்லு. கூட்டாத, குறைக்காத."

 இந்த வீட்டில் அப்பா கத்தும்போதுகூட அவன் இப்படிச் சுருங்கியதில்லை.

"உங்க அம்மாவுக்கு பிரஷர் ரொம்ப அதிகமா இருக்குன்னாங்க. இந்த வாரமே டாக்டரப் பாத்து மாத்திரை ஆரம்பிங்கன்னாங்க. இது வலிக்காது, வெளியவும் தெரியாது, ஆனா..."

"ஆனா?"

"ஆனா மூளையக் கொஞ்சம் கொஞ்சமா கெடுத்துடும்னாங்க."

மருமகள் வாயில் கை வைத்தாள். வீட்டுக்காரர் நீட்டிய கையை மெதுவாக மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்புறம்? என் தோளத் தொட்டாங்களே, அப்ப?"

மகன் அழுதுவிட்டான். அவள் விடவில்லை, காத்திருந்தாள்.

"தையல் போடறதுக்கு பயப்படாம உக்காந்திருக்காங்க, தைரியமானவங்கன்னாங்க. அவங்ககிட்டயே சொல்லிடுங்க, மறச்சுடாதீங்கன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

 மடிப்பக்கா அன்றைய மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, முன்னால் இருந்த டம்ளரை எடுத்தாள். இத்தனை வருஷம் அவளுக்கு வந்து சேராத பேச்சு முடிந்திருந்தது, டீ இன்னும் ஆறக்கூட இல்லை.